வெளிமாநிலப் பார்ட்டி

"வலது கையாலதான் தேய்க்கணுமா? இது எந்த ஊர்ச் சட்டம்?"

கணக்கு வாத்தியார் பென்சிலும் வெள்ளைத்தாளுமாகப் படகின் பின்பக்கம் நின்று சலித்துக்கொண்டார். எதிரே போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள் மனைவி.

"வெளிமாநிலச் சட்டம். நமக்கென்ன தெரியும்? பின்னால பொறிச்சிருக்கற படகு நம்பர் மேல தாளை வெச்சு, கையெழுத்துப் போடற கையாலதான் தேய்ச்சு அச்செடுக்கணுமாம். வீடியோல உங்க மூஞ்சியும் தெரியணுமாம். திருட்டுப் படகா இருந்தா அவங்க ஊர்ல பதிவு பண்ண மாட்டாங்களாம்."

"திருட்டுப் படகா? இதுல உக்காந்துதானே நீ என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொன்னே!"

"நடு ஏரி. எனக்கு நீந்தவும் தெரியாது. வேற என்னத்தைச் சொல்றது?"

வாத்தியார் சிரித்துவிட்டார். சிரித்ததில் தோள் சுரீர் என்றது.

மழையில் வழுக்கி விழுந்ததில் முழங்காலிலும் அடி, உடைந்தது தோள். எலும்பு கூடிவிட்டது, கைதான் மார்புக்கு மேலே எழவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து ஒழுங்காகப் பயிற்சி எடுக்காவிட்டால் கை இப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வலிக்கிறது என்று வாத்தியார் ஒருநாள்கூடப் போகவில்லை. வகுப்பில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் கணக்குப் போட்டார். கடைசி பெஞ்சு எழுந்து நின்று பார்த்து எழுதியது. மனைவி கெஞ்சினாள், அழுதாள், பேசாமல்கூட இருந்து பார்த்தாள். கையும் அசையவில்லை, அவரும் அசையவில்லை.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு எனக்குப் படகு ஒரு கேடா?" என்று விற்பனைக்கு விளம்பரம் கொடுத்துவிட்டார்.

மறுநாளே பக்கத்து மாநிலத்துப் பார்ட்டி என்று ஒரு போன். குரலில் தேன் ஒழுகியது. "படகு பிடிச்சிருக்கு சார். விலையைக் குறைக்கச் சொல்லவே மாட்டேன். பேப்பர் மட்டும் பக்காவா இருக்கணும்."

அந்த 'மட்டும்'தான் மனிதரைப் பாடாய்ப் படுத்தியது.

எடுத்து அனுப்பிய அச்சு தெளிவாக இல்லையாம், இன்னொன்று வேண்டுமாம். அதுவும் சரியாக வந்தபிறகு, படகின் முகப்பில் எழுதியிருந்த பதிவு நம்பர் மங்கிவிட்டது, போட்டோவில் தெரியவில்லை என்றது குரல்.

"பெயின்ட்டரை வரச் சொல்லட்டுமா?"

"ஐயையோ, வேணாம் சார். வேற ஆள் கை பட்டா நம்பரைத் திருத்திட்டாங்கன்னு எங்க ஆபீசர் ஃபைலைத் திருப்பிடுவார். ஓனரே எழுதிடுங்க."

படகு டிரெய்லர் மேல் ஏறி நின்றது. முகப்பு வாத்தியாரின் தலைக்கு மேலே.

"யாருய்யா அந்த ஆபீசர்? கையில கெடச்சான்..." என்று பல்லைக் கடித்துக்கொண்டே பிரஷ்ஷைத் தூக்கினார். முதல் நாள் பாதி எழுத்தோடு கை கீழே விழுந்துவிட்டது. மனைவி வெந்நீர்ப் பையோடு தயாராக இருந்தாள். அடுத்த நாள் முழு எழுத்து. அதற்கடுத்த நாள் இரண்டு. வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் போனபோது, "அம்மா, அப்பா" என்ற முனகல் நின்று சினிமாப் பாட்டு கேட்டது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு சார்," என்றது குரல். "விற்பனைப் பத்திரத்துல இஞ்சின் ஓடுதுன்னு எழுதணும். நீங்களே கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற வீடியோ வேணும்."

"இந்தாளு படகு வாங்க வந்தானா, என் உயிரை வாங்க வந்தானா?"

"முடியலேன்னா விட்டுடுங்க," என்றாள் மனைவி. "கை வராதுன்னு சொல்லிடறேன்."

அது போதும். வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டார். முதல் இழுப்பில் இஞ்சின் இருமியது. இரண்டாவதில் செருமியது. பிறகு தோளுக்குப் பின்னால் கை போகும்வரை இழுத்தார் பாருங்கள், தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி ஓர் உறுமல்!

"எதுக்கு அழறே?"

"புகைங்க."

மறுநாள் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம் மேஜைமேல் இருந்தது. வாத்தியார் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஜன்னலுக்கு வெளியே புது எழுத்துகளோடு படகு பளபளத்தது. பேசாமல் மாட்டேன் என்று சொல்லிவிடலாமா? கொடுத்த வாக்கு என்னாவது?

போன் அடித்தது.

"மன்னிக்கணும் சார். எனக்குப் படகு வேண்டாம். வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"என்ன மனுஷன்யா நீ? இவ்வளவு வேலை வாங்கிட்டு இப்ப வந்து..." என்று மரியாதைக்கு நாலு வார்த்தை திட்டி போனை வைத்தார். வைத்த கையோடு பத்திரத்தை நாலாகக் கிழித்தார்.

"ஏம்மா! கிளம்பு, ஏரிக்குப் போறோம்!"

"விக்கலையா?"

"யார் விக்கறது? சீக்கிரம் புடவையை மாத்திட்டு வா."

அவள் உள்ளே ஓடினாள். அலமாரியின் உச்சியில் கிடந்த அவளுடைய போன் அலறத் தொடங்கியது. வாத்தியார் ஏதோ நினைப்பில் வலது கையை உயர்த்தி அநாயாசமாக அதை எடுத்துக் காதில் வைத்தார்.

அவர் 'ஹலோ' சொல்வதற்குள் அதே தேன் குரல் முந்திக்கொண்டது:

"மேடம், ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். சாருக்குத் தோள் பயிற்சி இன்னியோட முடிஞ்சுது. முழங்கால் பயிற்சிக்கு அவர் சைக்கிளை விலைக்குக் கேக்கட்டுமா?"