ஜெமி காட்டிய அறுகோணம்

ஷிப்ட் முடிந்து இராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ரிச்சர்டின் கையில் புதுக் காகித ஸ்டார் இருந்தது. செட்டியார்பட்டியில் அவருடைய தெருவில், கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் தொங்காத வீடு அவருடையது ஒன்றுதான். வழக்கமாக டிசம்பர் ஒன்றாம் தேதியே, கட்டச் சொல்லி மகள் ஜெமி உயிரை வாங்கிவிடுவாள்.

ஒயரும் பல்புமாக மொட்டைமாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஜெமி உட்கார்ந்திருந்தாள்.

“ஸ்டார் கட்டாதீங்கப்பா.”

“ஏட்டி, நீயா வேண்டாங்கிற?”

“அந்த வெளிச்சம் வந்தா வானத்துல என் நட்சத்திரமெல்லாம் மங்கிப்போயிரும். கெழக்க பாருங்க, பளிச்சுன்னு ஆறு இருக்கு. கோடு போட்டுச் சேத்தா அறுகோணம். குளிர்காலத்துலதான் இந்நேரத்துக்கு வரும்.”

ரிச்சர்ட் விரல் நீட்டி எண்ணினார். “அஞ்சுதான இருக்கு?”

“செத்த நேரம் பொறுங்க. ஆறாவது இப்பதான் மில்லுக்கு மேல ஏறுது.”

அதுவும் ஏறியது. அம்புட்டுப் பெரிய அறுகோணத்தை அவர் பார்த்ததே இல்லை.

“பனி கொட்டுது. கீழ வா.”

“எனக்குக் குளிரலப்பா. நீங்க போங்க.”

ஸ்டாரை மறுபடி கவருக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். வாசலில் பக்கத்து வீட்டு அலெக்ஸ் தயங்கி நின்றான்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சாவு விழுந்த வீட்டுல அந்த வருசம் ஸ்டார் கட்டுறதில்லையே. ஜெமியை அடக்கம் பண்ணி ஆறு மாசந்தான ஆவுது.”

“கட்டல தம்பி,” என்றார் ரிச்சர்ட். “அவளே வேண்டாம்னுட்டா.”