ஒரு கிண்ணம் சூப்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியில் புதிதாகச் சேர்ந்த ஜமாரி காய்ச்சலில் கிடந்தான். துணைக் கோச் மார்லின் அவனுக்கு ஒரு கிண்ணம் சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆட்டக்காரர்களுக்கு இலவசமாக எதுவும் தரக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. யாரோ புகார் செய்ய, அவள் வேலை போனது.

"எங்க டீம்ல சூப்புக்குக்கூட மன்னிப்பு கிடையாது" என்று தலைமைக் கோச் டாய்ல் டிவியில் சொன்னார். சங்கத்திலிருந்து விசாரிக்க வந்தவர்கள் அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு மார்லினை யாரும் தேடவில்லை. ஆட்டம் நடக்கும் மாலைகளில் டிவியைப் போடாமல், வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படியொரு மாலையில் போன் அடித்தது.

"கோச், நான் ஜமாரி. உங்கள மாட்டிவிட்டது நான்தான்."

"ஏன்டா?"

"டாய்ல்தான் புகார் கொடுக்கச் சொன்னாரு. சின்னதா ஒண்ணு சிக்கிட்டா, பெருசைத் தோண்ட மாட்டாங்கன்னாரு."

"எது பெருசு?"

"என் நுழைவுத் தேர்வு. அன்னிக்கு நான் அந்தப் பக்கமே போகல. வேற ஆளை வச்சு எழுதவச்சது அவரு."

"விசாரிக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லுவியா?"

"காலையிலயே சொல்லிட்டேன். அவரையும் தூக்கிட்டாங்க, என்னையும் தூக்கிட்டாங்க. ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். வழியனுப்ப ஒருத்தரும் வரல."

ஏதோ ஒரு பஸ் கிளம்பும் அறிவிப்பு போனில் கேட்டது.

"இப்ப நான் எந்த டீம்லயும் இல்ல, கோச். நீங்க வந்தா யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது."