அக்காவுக்கு வந்த இருமல்

"வாயை மூடிட்டு வர முடியலேன்னா எதுக்குடி வந்தே?"

பறவை பார்க்கும் குழுவின் தலைவர், அத்தனை பேர் முன்னாலும் கேட்டது தன் மனைவியை. நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவரை.

இருமியதுதான் குற்றம். மரங்கொத்தி விருட்டென்று பறந்துவிட்டது. போனால் போகட்டும், அது குடைந்த பழைய பொந்தில் ஆந்தை இருக்கிறதாம். சற்று முன் தலைவர் ஒரு விரலை உதட்டில் வைத்து, மறு கையைச் சட்டைப்பையில் விட்டு, "இதோ, இப்ப அலறும் பாருங்க" என்று கிசுகிசுத்ததுதான் தாமதம்.

"லொக்!"

போன மரத்தடியிலும் இதே கதை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், வேன்ல என்ன பேச்சு பேசினீங்க! 'ஃபோன்ல ஆந்தைக் குரலைப் போட்டு அதை வெளியே இழுக்கிறவன் மனுஷனே இல்லை, பறவைக்கும் மனசு உண்டு'ன்னு. கட்டின பெண்டாட்டிக்கு மனசு கிடையாதா?"

"இப்படி இருமினா ஆந்தை எப்படிம்மா அலறும்?"

"மரங்கொத்தி விடிஞ்சதுலேர்ந்து டொக்கு டொக்குன்னு இடிக்குது. அதுக்கு அசராத ஆந்தை, இருமலுக்கா கோவிச்சுக்கும்?"

"வந்துட்டாங்கய்யா வக்கீலம்மா!" என்றார் பைனாகுலர் மாமா. "போன தடவை அந்தம்மா இருமவே இல்லை. எவ்வளவு அழகா அலறிச்சு! எல்லாரும் கைதட்டினோமே!"

அக்காவைத் தனியே இழுத்துப் போய் என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "இந்த மனுஷனுக்குப் பயந்து இருமலை அடக்காதீங்கக்கா. நல்ல டாக்டராப் பாருங்க."

"இருமலா? எனக்கா?" அக்கா குரலைத் தாழ்த்தினார். "போன தடவை கைதட்டினீங்களே, அந்த ஆந்தை எங்க வீட்டுக்காரர் சட்டைப்பையில இருக்கு. ஃபோன்ல."

நான் வாயைப் பிளந்தேன்.

"வேற ஆந்தை வந்துடுச்சுன்னு நினைச்சு, நிஜ ஆந்தை குஞ்சை விட்டுட்டு வெளியே பாய்ஞ்சுது. பகல்ல காக்கா சும்மா விடுமா? கொத்தி விரட்டிடுச்சு. வீட்டுல சொன்னா 'உனக்கென்ன தெரியும்'ங்கிறார். இங்க சொன்னா அவர் மானம் போயிடும். அதான்…"

அடுத்த மரத்தடி. தலைவரின் விரல் உதட்டுக்குப் போனது. கை சட்டைப்பைக்குள் போனது.

அவசரமாக அக்காவைப் பார்த்தேன். வாய் நிறைய என் தண்ணீர்.

"லொக்!" என்றேன் நான்.