புல்டோசருக்குக் காவல்

ஆந்திரா போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் நாகபூஷணத்துக்கு வந்த மொட்டைக் கடிதத்தில் மூன்றே வரி. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து காளஹஸ்திப் பக்கம் அணை வேலைக்கு ஒரு புல்டோசர் வருகிறது. வழியில் அதற்குள் துலுக்காணத்தின் சரக்கு ஏறப்போகிறது. முடிந்தால் பிடித்துக்கொள்.

அந்த 'முடிந்தால்'தான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

துலுக்காணம் கள்ளச்சாராயம் காய்ச்சுவது ஊருக்கே தெரியும். எல்லைக் கல்லைத் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்ததும் முதலில் வருவதே அவனுடைய பனந்தோப்புதான். ஐந்து முறை சோதனைக்குப் போன நாகபூஷணம் ஐந்து முறையும் கைப்பற்றியது பனங்கொட்டை. இந்த மாதத்துக்குள் துலுக்காணம் உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் நாகபூஷணம் ராமகுப்பம் போகவேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ராமகுப்பம் மாவட்டத்தின் அந்தக் கோடி. வீட்டில் சந்திரம்மா இப்போதே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நல்லவேளை, சாராயப் பானைகள் மண்ணுக்கடியில் இருப்பதாகப் போன வாரம் துப்புக் கிடைத்தது. தோப்பைத் தோண்டிப் பார்க்க வாரண்ட் நாளைக் காலை வருகிறது. அதற்குள் சரக்கைக் கிளப்பி, அணைக்கட்டுக் கூலிகளுக்கு விற்கப் பார்க்கிறான் பயல்!

மத்தியானம், சிவப்புக் கொடி பிடித்த ஆள் முன்னால் நடக்க, டிரெய்லர் லாரி ஊர்ந்து வந்தது. மேலே இருபது டன் எந்திரம். மண் தள்ளும் பலகை மட்டும் பதிமூன்று அடி அகலம். லாரிக்கு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தது. எல்லைக்கு வந்ததும் லாரி நின்றுவிட்டது. ஒரு பக்கம் மதகுச் சுவர், இன்னொரு பக்கம் எல்லைக் கல். நடுவில் பன்னிரண்டு அடிகூட இல்லை.

மெட்ராஸ், ஆந்திரா இரண்டு ராஜ்யங்களும் ஏழு வருஷம் சண்டை போட்டு, மனுவுக்கு மேல் மனு எழுதி, மூன்று மாதம் முன்புதான் நட்ட கல் அது. ஏரி வரைக்கும் வேறு கல் கிடையாது.

"பலகையைக் கழட்டேன்யா" என்றார், எட்டு கான்ஸ்டபிள்களோடு அங்கே காத்திருந்த நாகபூஷணம்.

"கழட்டறதுக்கு கிரேன் வோணும் சார்" என்றான் டிரைவர் வேதாச்சலம். "கிரேன் மெட்ராஸ் ஆர்பர்ல கீது. போய் வர்றதுக்கு நாலு நாளு."

தோப்புக்குள்ளிருந்து துலுக்காணம் வந்தான். தோளில் கடப்பாரை, பின்னால் ஆறு ஆட்கள்.

"நாங்க கல்லைப் புடுங்கிக் குடுத்து, லாரி போனதும் நட்டுட்றோம் சார். ஆனா இது கவர்மெண்டு கல்லு. நாளைக்கு எம்மேல கேஸு வந்துட்டா? ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

நாகபூஷணம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். லாரியைத் தோப்பு வாசலுக்கு வரவழைக்க என்ன அவசரம் பார்! 'துலுக்காணம் கல்லை எடுத்து நடுவது என் உத்தரவின் பேரில்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

கல் வெளியே வந்தது. ஆறு பேரும் அந்தச் சாக்கில் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. ஆகா, ஏற்றிவிட்டான்!

"எல்லாரும் ஏறுங்கடா! வண்டி நேரா ஸ்டேஷனுக்குப் போவட்டும்!"

எட்டு கான்ஸ்டபிள்களும் புல்டோசர்மேல் ஏறிக் கல்யாண ஊர்வலம் மாதிரி உட்கார்ந்தார்கள்.

"கொஞ்சம் இருந்து பாத்துட்டுப் போங்க சார்" என்றான் துலுக்காணம், பணிவாக.

"கல்லு நடறதை வேடிக்கை பாக்கவா எனக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குது? போடா!"

ஸ்டேஷனில் சாயங்காலம் வரைக்கும் சோதனை நடந்தது. இன்ஜினைத் திறந்தார்கள். டீசல் டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். சீட்டைக் கிழித்தார்கள். அகப்பட்டது ஒரு கட்டு பீடியும் வேதாச்சலம் தின்று மிச்சம் வைத்த புளிச்சோறும்.

ஹெட் கான்ஸ்டபிள் சிட்டிபாபு தலையைச் சொறிந்தார். "சார், நாம எல்லாரும் இங்க கீறோம். தோப்பை யாரு பாத்துக்கினு கீறாங்க?"

நாகபூஷணம் தலையில் அடித்துக்கொண்டார். அடப்பாவி! போலீஸை இந்தப் பக்கம் இழுத்துவிட்டு, அந்தப் பக்கம் பானைகளைக் கிளப்பிவிட்டான்! கடிதம் எழுதியவனே அவன்தான்! கையில் வாரண்ட் இல்லாமல் இப்போது ஓடியும் பிரயோஜனமில்லை. சந்திரம்மா கட்டிய சாக்கு அவர் கண் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் காலை வாரண்ட் வந்தது. கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு மண்வெட்டியோடு, காலிக் குழிகளைப் பார்க்கத்தான் போகிறோம் என்று முணுமுணுத்தபடி நடந்தார்கள்.

தூரத்திலேயே புகை தெரிந்தது.

தோண்டவே வேண்டியதில்லை. பானைகள் எல்லாம் மண்ணுக்கு மேலேயே வரிசையாக இருந்தன. நான்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. துலுக்காணம் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நாகபூஷணத்துக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ராமகுப்பமாவது ஒன்றாவது, இனி பிரமோஷன்தான்!

"ஏமிரா, பட்டப்பகல்லயேவா? அவ்ளோ திமிரா?" வாரண்ட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்.

"அங்கியே நில்லுங்க சார்" என்றான் துலுக்காணம். "அது ஆந்திரா வாரண்ட்டு. இங்க செல்லாது. தப்புன்னு தோணிச்சின்னா மேலுக்கு எழுதிப் போடுங்க. யாரு உத்தரவுல நடந்துச்சின்னு கேப்பாங்க. உங்க சீட்டு எங்கிட்ட பத்திரமா கீது."

நாகபூஷணம் குனிந்து பார்த்தார். பூட்ஸுக்கு ஒரு சாண் முன்னால், தோப்புக்கு இந்தப் பக்கம், கோணல்மாணல் இல்லாமல் நேராக நடப்பட்டு, எல்லைக் கல் நின்றுகொண்டிருந்தது.

பனந்தோப்பு நேற்று மத்தியானமே மெட்ராஸுக்குப் போய்விட்டிருந்தது.