மிளகு வாசனை

கரியமில வாயுவை ஆவியுமல்லாத, திரவமுமல்லாத ஒரு பதத்துக்கு நசுக்கிப் பூமிக்கடியில் களிப்பாறைக்குள் அனுப்பினால், அங்கே ஒளிந்திருக்கும் கச்சா எண்ணெயையெல்லாம் துடைத்துக்கொண்டு வந்துவிடும். ஆனால் இதை நம்பிக் கட்டிய ஆலையில் மாதக்கணக்கில் ஒரு சொட்டும் வரவில்லை. ஆலையை மூடப்போவதாகப் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை, மனைவி செண்பகவல்லி மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தேய்த்துக் குளித்துவிட்டு அமிர்தகடேசன் வேலைக்குப் போனான். குழாய் மூட்டில் கசிந்த வாயு அவன் தலையை ஒரு தடவு தடவி, எண்ணெயைத் துடைத்துக்கொண்டு திரும்பக் குழாய்க்குள் போனது. மீட்டர் முள் துள்ளியது. புது ஊற்று கிடைத்துவிட்டதென்று அதிகாரிகள் அவனுக்கு மாலை போட்டார்கள்.

“உண்மையச் சொல்லலையா?” என்றாள், வீட்டில் அவன் சொன்னதைக் கேட்ட செண்பகவல்லி.

“சொன்னா மூடிருவாங்க. அத்தனை குடும்பமும் எங்க போகும்?”

அதன்பிறகு தினமும் எண்ணெய்தான், சீயக்காய் கிடையாது. ஷிப்டிலிருந்த எல்லோருமே தலையில் எண்ணெய் வழிய வழிய வந்தார்கள். ஊரில் நல்லெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, ‘பல கோடி ஆண்டு பூமியில் ஊறியது’ என்று அச்சடித்து, ஊற்றில் வந்த எண்ணெயை ஆலையே டின் போட்டு விற்றது.

செண்பகவல்லி ஒரு டின்னைத் திறந்து முகர்ந்தாள்.

“ஏங்க, இது நான் போட்ட மிளகு வாசனைல்ல?”

“பேசாம தேய் செண்பகம். எட்டு மணிக்கு ஊத்து சுரக்கணும்.”