பக்கத்தில் நின்றவர்

“அத்தா, அல்லாவுக்கு மறதி உண்டா?”

சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்துகொண்டு அவன் தன் தகப்பனாரிடம் கேட்டது. அப்போது ஐந்து வயது.

அத்தா சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அவனுக்கும் மறந்துட்டா நாம எங்கடா போறது?”

இன்று அவன் ஜன்னல் திரையின் ஓரத்தை இரண்டு விரலால் விலக்கிப் பிடித்திருந்தான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கூடம். கூடத்தில் அத்தா உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி. மடியில் இரண்டு கைகள்.

அந்தக் கைகளைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க தலை தெரியக்கூடாது சார். பார்த்துட்டார்னா கூடவே கிளம்பிடுவாரு,” என்றார் நிர்வாகி அம்மாள்.

மறதி நோய் கண்டவர்களுக்கான இல்லம். மாத்தூர் தாண்டி இருந்தது. புதிதாக வருபவரை ஒரு பகல் இருத்திப் பார்ப்பார்கள். யார்மீதும் கை வைக்காவிட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

இதற்கு முன் பார்த்த இல்லங்களில் மதியத்துக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவன் மனைவிக்கு இடது கையில் மாவுக்கட்டு. அத்தா தள்ளிவிட்டதில் விழுந்தது. மாமாவை ஒன்றும் சொல்லாதீர்கள் என்கிறாள். ஆனால் அறையைத் தாழிட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

அவர் கை ஓங்கக் காரணம் எப்போதும் ஒன்றுதான். தொழுகை.

மதியத் தொழுகையை முடித்து விரிப்பை மடித்து வைப்பார். சற்று நேரத்தில் பதறி எழுவார். நேரமாகிவிட்டதே, யாரும் சொல்லவில்லையே என்று விரிப்பைத் தேடுவார்.

“தொழுதாச்சு அத்தா,” என்று அவன் தடுப்பான். உடனே அவர் கை ஓங்கும்.

ஆனால் அவன் சொன்னதுதான் உண்மை. தொழுததைத் தொழவில்லை என்று அவரை நம்ப விடுவது அவனுக்குப் பொய்யாகப் பட்டது. அதுவும் தொழுகையில்.

நினைவு தவறியவருக்குத் தொழுகை கடமையே இல்லை என்றார் பள்ளிவாசல் இமாம்.

அதை அத்தாவிடம் யார் சொல்வது?

காலையில் இங்கே பணிப்பெண்ணுக்கும் அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். எழுந்தால், தொழுதாச்சு என்று சொல்லுங்கள். உறுதியாகச் சொல்லுங்கள்.

கூடத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தா எழுந்தார்.

தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்தார். சற்று முன்புதான் அதே இடத்தில் தொழுதிருந்தார்.

பணிப்பெண் ஓடி வந்தாள். “தாத்தா, தொழுதாச்சு.”

அவர் அவளைப் பார்த்தார்.

“தொழுதாச்சு தாத்தா. இப்பத்தான.” சொல்லிக்கொடுத்தபடியே, உறுதியாக. குனிந்து துண்டின் முனையைப் பிடித்தாள்.

“யாரு நீ? நீ யாரு சொல்றதுக்கு?”

வலது கை உயர்ந்தது.

அவன் கதவை நோக்கித் திரும்பினான். நிர்வாகி குறுக்கே நின்றார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

யா அல்லாஹ் என்றான் மனத்துக்குள்.

“அட, வாரும் பாய். எவ்வளவு நேரந்தான்யா?”

அடுத்த நாற்காலிக்காரர். நெற்றி நிறையத் திருநீறு. கைத்தடியை ஊன்றி எழுந்து, அத்தாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

“எல்லாரும் உமக்காகத்தான் நிக்கிறோம். சின்னப் புள்ளையோட என்ன வம்பு? ஆரம்பியும்.”

உயர்ந்த கை அந்தரத்தில் நின்றது.

பிறகு இடது கையும் உயர்ந்தது. இரண்டும் காதருகே போயின.

“அல்லாஹு அக்பர்.”

கைகள் இறங்கிக் கட்டிக்கொண்டன.

பக்கத்தில் நின்றவர் கூப்பிக்கொண்டார். அத்தா குனிந்தபோது அவரும் குனிந்தார். அத்தா நெற்றியைத் தரையில் வைத்தபோது அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. கைத்தடியைப் பிடித்தபடி, அத்தா எழும்வரை காத்து நின்றார்.

“வைத்தியலிங்கம் ஐயா. லாரி ஆபீஸ் வச்சிருந்தவரு,” என்றார் நிர்வாகி. “யாரு எந்திரிச்சாலும் கூட எந்திரிச்சுடுவாரு. பாத்ரூமுக்குப் போனாக்கூட.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. திரையை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

தட்டுகளைக் கழுவ வந்த பணிப்பெண்ணைப் பின்கட்டில் போய்ப் பார்த்தான்.

“இனிமே அதைச் சொல்லாதீங்கம்மா.”

“அப்ப என்ன சார் சொல்றது?”

“ஒண்ணும் வேண்டாம். துண்டை விரிச்சுக் குடுங்க, போதும்.”

அத்தா மறுபடியும் எழுந்தார். அவள் விரித்துக் கொடுத்தாள். வைத்தியலிங்கமும் எழுந்தார்.

பொழுது சாயும்போது நிர்வாகி சொன்னார். “நாளைக்கே பெட்டியோட கூட்டிட்டு வந்துடுங்க.”

இதைக் கேட்கத்தான் வந்திருந்தான். கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உள்ளே அத்தாவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். துண்டை எடுக்க அவன் கூடத்துக்குப் போனான். கூடம் காலியாக இருந்தது.

எதிரே ஒரு அறை திறந்திருந்தது. வைத்தியலிங்கம் அலமாரியில் இருந்த சுவாமி படத்தின் முன் நின்றிருந்தார். படத்தடியில் ஒரு பித்தளைத் தட்டு. அதற்குள் விரல்களால் துழாவினார்.

“பூ,” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

மறுபடியும் துழாவினார். தட்டில் ஒன்றுமில்லை.

சற்று நின்றார். பிறகு கட்டிலுக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவன் வெளியே வந்தான். மதிலோரம் நந்தியாவட்டை பூத்திருந்தது. வாடாததாகப் பார்த்துப் பறித்து, அத்தாவின் துண்டு முனையில் ஏந்திக்கொண்டான்.

அறை வாசலில் செருப்பைக் கழற்றினான். படத்தை அவன் பார்க்கவில்லை. தட்டை மட்டும் பார்த்து, ஓசையில்லாமல் பூக்களை வைத்தான்.

கட்டிலில் இருந்தவர் அசையவில்லை.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அத்தாவை அழைத்துவரப் போனான்.