அத்தையின் வரிக்கணக்கு

"நீங்க யாருக்காவது தெபெந்தியெந்தேயா?" என்று யாதிரா கேட்டாள்.

"ஆமா," என்றார் அத்தை. என் மனைவி இட்செலின் அம்மா.

யாதிரா கணினியில் 'ஆம்' என்று தட்டினாள். அத்தோடு, கலிஃபோர்னியா அரசு தரும் கொரோனா நிவாரணப் பணம் அத்தைக்கு இல்லை என்றாகிவிட்டது.

நூலகத்தின் பின்னறை. வெளியே காட்டுத்தீயின் புகை. இங்கே இலவசமாக வரிக்கணக்கு போட்டுத் தருகிறார்கள். போன வருடத்துக் கணக்கைக் காட்டியவர்களுக்குத்தான் அந்தப் பணம். வேறொருவர் கணக்கில் 'சார்ந்திருப்பவர்' என்று பெயர் இருந்தால், தனியாகக் கிடைக்காது.

"யார் கணக்குல இருக்கீங்க?"

"தோன் கோஸ்மே. எங்க ஊர் தெபிக்ல, அவரோட செருப்புக் கடை. கல்யாணத்துக்கு முன்னாடி."

யாதிரா விழித்தாள். அவள் இங்கேயே பிறந்தவள். ஸ்பானிஷை வீட்டுச் சமையலறையிலும் அரசாங்கப் படிவங்களிலும் கற்றவள். படிவத்தில் 'தெபெந்தியெந்தே' என்ற சொல்லுக்கு, இன்னொருவர் சம்பாத்தியத்தில் வாழ்பவர் என்று பொருள். அத்தையின் ஊரில், கடையில் நின்று விற்பவர்.

"கடையில வேலை பார்த்ததைச் சொல்றாங்க," என்றேன். "யாரையும் சார்ந்து இல்ல. மாத்திடுங்க."

அன்று நான் பேசிய முதல் வார்த்தைகள்.

யாதிரா சிரித்துக்கொண்டே மாற்றினாள்.

"காலைப் பார்த்தே செருப்பு அளவு சொல்லிடுவேன்," என்றார் அத்தை. "எங்க ஊர் அளவுல உனக்கு இருபத்தஞ்சு. ஆனா இருபத்திநாலுன்னு சொல்லிட்டுத் திரியுறே."

யாதிரா காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள். அடுத்த கேள்வியை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"நீங்க சோறு போட்டு, வாடகை கொடுத்து, உங்க சம்பாத்தியத்தை நம்பி யாராவது இருக்காங்களா? இருந்தா பணம் கொஞ்சம் கூடும்."

"யாரும் இல்ல," என்றேன். "ஒரே பொண்ணு. இறந்துட்டா."

"நீ சும்மா இரு," என்றார் அத்தை.

பிறகு யாதிராவிடம், "ஒருத்தன் இருக்கான். எழுதிக்கோ."

அவர் விரல் என் சட்டைக் கையைத் தொட்டது.

"தாரியோ. முப்பத்தொரு வயசு. காலேஜ் படிச்சவன்." பிறந்த தேதியையும் என்னிடம் கேட்காமலே சொன்னார்.

யாதிரா முகக்கவசத்துக்கு மேல் என்னைப் பார்த்தாள். அத்தை சொன்னது நிற்குமா என்பது என் பதிலில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"போன வருஷம் உங்க வருமானம்?"

"இல்ல."

"ஒரு டாலர்கூட?"

"இல்ல."

இட்செல் போனது அதற்கும் முந்தைய வருடம். அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. விட்டுவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. போகவில்லை, அவ்வளவுதான். அத்தை போனார். பீச் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைக்கு, விடிவதற்கு முன்னால், என் காரில். என் வாடகை, என் தொலைபேசி, நான் பாதியில் வைத்துவிடும் தட்டுச் சாப்பாடு, எல்லாம் அந்தப் பெட்டிகளிலிருந்து வந்தவை.

இன்று காலை அவர் சொன்னது, "எனக்கு இங்கிலீஷ் வராது, நீ துணைக்கு வா." யாதிராவோ வாசலிலிருந்தே ஸ்பானிஷில்தான் பேசினாள்.

"அவங்க சொல்றது சரிதான்," என்றேன்.

யாதிரா தட்டினாள். ஓரிடத்தில் நின்றாள்.

"உறவுன்னு கேக்குது. மருமகன்னு போடணும். ஆனா பொண்ணு இல்லாதப்போ…" குரலைத் தாழ்த்தினாள். "ஒரு நிமிஷம்."

எழுந்து, ஜன்னலோரம் இருந்த மூத்தவரிடம் போனாள். அவர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாதிரா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"போடலாம். பொண்ணு இறந்துட்டாலும் அந்த உறவு முடியாதாம். சட்டத்துலயே இருக்கு."

"இதைக் கேக்கவா எழுந்து போனே?" என்றார் அத்தை.